பொம்மை ராஜாவுக்கு நான் கொடுத்த குரல்

நான் ராஜாவாக வேண்டும் என்று முடிவெடுத்தது ஒரு டீக்கடையில்.

என் பெயர் சுந்தரலிங்கம். உத்தமபாளையத்தில் உரமும் பூச்சி மருந்தும் விற்கிறேன். அன்று டீயை வாங்கி வாயில் வைக்கப் போகிறேன், தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து என் பக்கத்து வீட்டு சின்னச்சாமி அண்ணன் குரல் கேட்டது.

“ஊருக்கெல்லாம் பூச்சி மருந்து விக்கிறான் சுந்தரலிங்கம். வீட்டுக்குள்ள நுழைஞ்சுட்டா அவன்தாம்ப்பா பூச்சி!”

கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், அது யாரோ வேறு சுந்தரலிங்கம் என்பது மாதிரி.

முந்தின நாள் வாசல் கொடியில் நான் சேலை காயப்போட்டதை அண்ணன் பார்த்துவிட்டார். அது கூடப் பரவாயில்லை. என் மனைவி சொர்ணலதா நாற்காலி போட்டு உட்கார்ந்து, “ஓரத்த நல்லா இழுத்து விடுங்க, சுருக்கம் விழுது பாருங்க” என்று மேற்பார்வை செய்ததையும் பார்த்துவிட்டார்.

லதா பி.எஸ்சி. கணிதம். நான் பி.ஏ. வரலாறு. எங்கள் வீட்டில் கணக்கை வரலாறு ஜெயித்ததாக வரலாறே கிடையாது.

நேராக ஜான் பீட்டரிடம் போனேன். ராயப்பன்பட்டிக்காரன், கல்லூரியில் என்னோடு படித்தவன், இப்போது பைபாஸ் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். என் துக்கத்தைக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்:

“மாப்ள, ஊரு முன்னாடி நீ ராஜாவா தெரியணும், அவ்வளவுதான? சினிமா எடு.”

“கேமராவுக்கு எங்க போறது?”

“கேமரா வேணாம்.”

“நடிக்கிறதுக்கு ஆளு?”

“ஆளும் வேணாம்.”

“அப்ப என்னத்தடா எடுக்க?”

ஒரு சி.டி.யைப் போட்டுக் காட்டினான். வீடியோ கேமில் வருகிற ராஜா, ராணி, கோட்டை, குதிரை, மரம் எல்லாம் அதற்குள் தயாராக இருந்தன. விளையாடுவதற்குப் பதிலாக அவற்றை வைத்துக் கதை சொல்லலாம். பொம்மையைத் தூக்கி வைத்தால் நிற்கும். வழியைக் காட்டினால் நடக்கும். நம் குரலைப் பதிந்து அதன் தலையில் போட்டால், அந்தப் பேச்சுக்குத் தகுந்தபடி வாய் தானாகவே அசையும்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தீபாவளிக்கு உள்ளூர்க்காரர்கள் எடுத்த படங்களைப் போடுவதாகக் கேபிள் டி.வி. கர்ணன் வேறு அறிவித்திருந்தார். கதையும் அங்கேயே உதித்துவிட்டது. போரில் ஜெயித்து வருகிறார் ராஜா. ராணி அவர் காலில் விழுந்து, சொன்னதையெல்லாம் கேட்கிறாள். படத்தின் பெயர், ‘ராஜா சொன்னால் சொன்னதுதான்’. ராஜாவுக்கு என் குரல். ராணிக்கு லதாவின் குரல். லதா பணிந்து பேசுவதை உத்தமபாளையம் முழுக்கத் தன் காதால் கேட்கும். அதற்கப்புறம் பூச்சி யார், மருந்து யார் என்று தெரிந்துவிடும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலையை ஆரம்பித்தேன். கோட்டையைச் சுற்றி ஒரே பனி. கம்பம் பள்ளத்தாக்கில் பனி கொட்டினால் திராட்சை என்னத்துக்கு ஆகும்? தென்னை தேடினேன், கிடைக்கவில்லை. வாழை இலை இல்லாததால் கேடயத்தில் சோறு போட்டேன். இரும்புத் தொப்பியைக் கவிழ்த்துப் போட்டுக் குழம்புச் சட்டி ஆக்கினேன். ராணிக்குச் சேலை கிடையாது, இரும்புக் கவசம்தான். ராஜாவை நாற்காலியில் உட்காரச் சொன்னால், நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி வெறுங்காற்றில் உட்கார்ந்தார்.

பெரிய சிக்கல், ராணியைக் காலில் விழவைப்பது. ஓடுவது, குதிப்பது, வெட்டுவது, சாவது. பொம்மைகளுக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். ஜான் பீட்டருக்குப் போன் போட்டேன்.

“சாகுறதுல பாதிய வெட்டிரு மாப்ள. முழங்கால் மடங்குற இடத்துல நிப்பாட்டினா, கும்புடுற மாதிரியே இருக்கும்.”

மேதை!

அடுத்தது குரல். லதாவிடம் நைசாகப் பேச்சை எடுத்தேன்.

“கதையில ராணி என்ன செய்வாக?” என்றாள்.

“ராஜா சொல்றதக் கேப்பா.”

“வேற?”

“வேற எதுக்கு?”

“ஓ” என்றாள். சண்டை போடவில்லை. மூஞ்சியைத் தூக்கவில்லை. முந்தானையால் மைக்கைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டாள். பதிவு செய்கிற பொத்தானையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

“‘தங்கள் சித்தம் என் பாக்கியம், மன்னா!’ எங்க, சொல்லு பாப்போம்.”

“தங்கள் சித்தம் என் பாக்கியம் மன்னா” என்றாள், பால் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி.

“பணிவே இல்லையே லதா!”

“எனக்கு எங்கங்க பணிவு வருது? நீங்க சொல்லிக் காட்டுங்க.”

சொல்லிக் காட்டினேன்.

“இன்னுங் கொஞ்சம் குழையணுமோ?”

குழைந்தேன்.

“குரலு நடுங்குற மாதிரி சொன்னா நல்லாருக்கும்ல?”

நடுங்கினேன். ராணியின் வசனம் மொத்தத்தையும் நானே கண்ணில் நீர் மல்கச் சொல்லி முடித்தேன். “இப்பப் புரிஞ்சுருச்சுங்க” என்றாள்.

பிறகு ராஜா வசனம். நான் கர்ஜித்தேன். லதா உதட்டைப் பிதுக்கினாள்.

“உர மூட்டைக்கு ஆர்டர் எடுக்குற மாதிரி இருக்கு. ராஜான்னா இப்புடிப் பேசணும்.” நிமிர்ந்து உட்கார்ந்து, மைக்கைப் பார்த்து ஒரு அதட்டல். “யாரங்கே! எமக்குப் பசிக்கிறது! இன்னும் சோறு வரவில்லையா?”

நான் பாதி எழுந்து அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டேன். “நடிப்புங்க, உக்காருங்க” என்றாள்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகப் போனது. சீசன் நேரம் என்பதால் கடையில் கூட்டம். “நீங்க யாவாரத்தப் பாருங்க. குரலையெல்லாம் பொம்மைக்குப் போட்டு நானே முடிச்சு, கர்ணன் அண்ணன்கிட்டக் குடுத்துர்றேன்” என்றாள் லதா. கலைக்குத் தொண்டு செய்யும் மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

தீபாவளி அன்று மத்தியானம் சின்னச்சாமி அண்ணனையும் அவர் சம்சாரம் அக்கம்மாளையும் வருந்தி அழைத்து டி.வி. முன்னால் உட்காரவைத்தேன். ஜான் பீட்டரும் வந்திருந்தான். கையில் அதிரசத்தோடு அண்ணன் கேட்டார்:

“என்னா தம்பி, ராஜா நீதானாமே?”

“பாருங்கண்ணே. பாத்துட்டு டீக்கடையில போயிச் சொல்லுங்க.”

படத்தின் பெயர் வந்தது. ‘ராணி சொன்னால் சொன்னதுதான்.’

எழுத்துப்பிழை என்று நினைத்தேன்.

பனி கொட்டுகிறது. கோட்டைக் கதவு திறக்கிறது. கவசம் போட்ட ராணி வாளோடு நடந்து வருகிறாள். வாயைத் திறக்கிறாள். லதாவின் குரல்.

“யாரங்கே! எமக்குப் பசிக்கிறது! இன்னும் சோறு வரவில்லையா?”

ராஜா கையில் கேடயச் சோற்றோடு ஓடி வருகிறார். என் குரல். குழைந்து, நடுங்கி, கண்ணீர் மல்கி.

“தங்கள் சித்தம் என் பாக்கியம், ராணி!”

‘ராணி’ என்ற சொல்லை வேறு எந்த இடத்திலிருந்தோ வெட்டி எடுத்து, ‘மன்னா’ இருந்த இடத்தில் தைத்திருந்தாள். தையல் தெரியவே இல்லை.

சின்னச்சாமி அண்ணனுக்கு அதிரசம் புரையேறியது. படத்தின் கடைசியில் ராஜா, ராணியின் காலில் விழுந்தார். லதா பாதியை வெட்டவெல்லாம் இல்லை. முழுசாகச் செத்தே விழுந்தார்.

அக்கம்மாள் எழுந்து நின்று கை தட்டினாள். “ஏத்தா லதா, எங்க வீட்டு ராசாவுக்கும் இப்புடி ஒண்ணு செஞ்சு குடாத்தா!” அண்ணன் சிரிப்பை அப்படியே நிறுத்திவிட்டார்.

எல்லோரும் போனதும் அடுப்படிக்குப் போனேன்.

“ஏன்டி இப்புடிச் செஞ்ச?”

“எப்புடி?” வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “ராஜாவுக்கு உங்க குரலு, ராணிக்கு என் குரலுன்னு நீங்கதான சொன்னீக? உங்க குரல்ல எது நல்லா வந்துச்சோ அதப் போட்டேன். என் குரல்ல எது நல்லா வந்துச்சோ அதப் போட்டேன். தப்பா?”

யோசித்துப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் பயந்துகொண்டே கடையைத் திறந்தேன். வந்தவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சின்னமனூர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க வீட்டுல பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாக. என்னா ஒரு நடிப்புய்யா! அந்தப் பணிவு ஒருத்தருக்கும் வராது.” டீக்கடையில் எனக்கு நடுப் பெஞ்சில் இடம் விட்டார்கள். சின்னச்சாமி அண்ணன் மட்டும் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார். அக்கம்மாள் தினமும் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தப் பயம். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்படியொன்றும் வருத்தமில்லை. ஊரில் எத்தனையோ புருஷன்மார் மனைவிக்கு அடங்கி இருக்கிறார்கள். அதை டி.வி.யில் காட்டிப் பேர் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

அந்த வாரம் கர்ணன் வீடு தேடி வந்தார். பொங்கலுக்கு இன்னொரு படம் வேண்டுமாம். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். அவர் என்னைத் தாண்டி லதாவைப் பார்த்தார்.

“கதை என்னம்மா வச்சிருக்கீக?”

“ராணி ஒருத்தி, கோட்டையில இருந்து சுருளி அருவி வரைக்கும் தனியா குதிரையில போறா. அதான் கதை.”

“ராஜா?”

“இதுல ராஜா இல்லண்ணே.”

நாற்காலி நுனிக்கு வந்தேன். “அப்ப நான்?”

“நீங்க இல்லாமலா? படம் பூரா வர்றது குதிரைதான். அதுக்கு உங்க குரலு.”

என் குரல் இல்லாமல் ஊர் ரசிகர்கள் விடுவார்களா? பெருமையோடு தொண்டையைச் செருமிக்கொண்டு, “வசனத்த இப்பவே குடுத்துரு. மனப்பாடம் பண்ணிர்றேன்” என்றேன்.

“குதிரைக்கு என்னங்க வசனம்? கனைச்சாப் போதும்.”