குடிநீர் வாரியம் கிளைத்த வரலாறு

நம் நகரத்துக் குடிநீர் வாரியத்தின் தலைமை அதிகாரி, வேலை ஏதுமற்ற ஒரு முற்பகலில் அகராதி ஒன்றைப் புரட்டியருளினார். அதன் பயனாகப் பிறந்த சுற்றறிக்கை வருமாறு:

"‘பிரிதல்’ என்னும் சொல் குடும்பச் சண்டையை நினைவூட்டுவதால் இன்றுமுதல் விலக்கப்படுகிறது. இனி ‘கிளைத்தல்’ என்றே வழங்குக. பொருள்: ஒன்று பலவாகி ஓங்குதல். எடுத்துக்காட்டு: ஆறு கிளைத்தது. சாலை கிளைத்தது. ஊழியர்கள் இதைச் சொல்லில் மட்டுமன்றிச் செயலிலும் காட்டுக."

இந்த நல்ல நேரத்தில்தான் சலவைக் கடைக்கார அம்மாள் உள்ளே நுழைந்தார். கடை நிறைய அழுக்குத் துணி. தொட்டியிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருமுனையோடு நின்றுவிட்ட பெரிய குழாயிலிருந்து தம் கடைக்கு ஒரு சிறு குழாய் வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம்.

"குழாயைப் பிரிச்சு விடணும் சார்."

எழுத்தர் காதைப் பொத்திக்கொண்டார். "கிளைக்கணும்னு சொல்லுங்கம்மா. நாலு பேர் வந்து போற இடம்."

"சரி, கிளைச்சே விடுங்க. எப்போ வருவீங்க?"

"குழாய் கிடக்கட்டும். முதல்ல உங்க மனு கிளைக்கணும்."

மனு கிளைத்தது. குழாய்க்கு ஒரு பிரிவு (மன்னிக்கவும், கிளை). குழாயில் போடவேண்டிய ஓட்டைக்கு மற்றொரு கிளை. ஓட்டையின் அகலமும் ஆழமும் ஒரே அலுவலர் தாங்கக்கூடிய பாரமல்ல என்பதால் அதுவும் கிளைத்தது. கிளைதோறும் அலுவலர் தேவைப்பட்டமையின் தட்டச்சர், காவலாளி, பெருக்குபவர் யாவரும் பதவி உயர்வு எய்தினர். பள்ளம் தோண்டத் தெரிந்த ஒரே மனிதரும் பள்ளக் கிளை அலுவலரானார்.

"அண்ணே, நீங்களாவது கொஞ்சம் தோண்டி விடுங்களேன்," என்று அம்மாள் கெஞ்சினார்.

"அலுவலர் மண்வெட்டியைத் தொடலாமாம்மா? பள்ளத்துக்கு நான் ஒப்புதல் குடுத்தாச்சு. தோண்டத்தான் ஆளில்ல."

இறுதியில் மனுதாரர் நலக் கிளை ஒன்று முளைத்தது. உட்கார ஆளில்லை. நின்றுகொண்டிருந்தவர் அம்மாள் ஒருவரே. அவரை நியமித்தார்கள். மறுத்துத்தான் பார்த்தார், ஆனால் நாற்காலி சுழன்றது, தலைக்கு மேல் மின்விசிறியும் சுழன்றது.

மாலையில் அவர் கணவர் மூட்டையும் மூச்சிரைப்புமாக ஓடி வந்தார்.

"ஏம்மா, தண்ணி என்னாச்சு? துவைக்காட்டியும் பரவால்ல, துணியைக் குடுங்கன்னு கடை வாசல்ல கத்துறாங்க!"

"மெதுவாப் பேசுங்க. மனு கொண்டு வந்தீங்களா?"

"என்ன மனு? நம்ம கடை, நம்ம குழாய்!"

"அதான் தப்பு. கடை வேற, குழாய் வேற. ரெண்டாக் கிளைக்கணும்." சற்றே சிந்தித்துப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "கடைக் கிளை காலியாத்தான் இருக்கு."

கணவர் மூட்டையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மூட்டையைக் கீழே வைத்தார்.

மறுநாள் துணி கேட்டு வந்தவர்களுக்கும், அவர்களைத் தேடி வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு கிளையில் இடம் கிடைத்தது. இன்று மனுக் கொடுக்க நகரில் ஒருவருமில்லை. ஆகவே குடிமக்களுக்குக் குறையேதுமில்லை என வாரியம் அறிக்கை வெளியிட்டுள்ளது. தாகத்தோடுதான் என்றாலும், அதில் நாம் அனைவரும் கையொப்பமிட்டிருக்கிறோம்.