கூண்டுக்குள் போன மாத்திரை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் அசௌக்கியம். அங்கே எல்லாருடைய முழங்காலும் நலமென்று நம்புகிறேன்.

விலங்குகளுக்கு வலி தரும் மருத்துவ ஆராய்ச்சிக்கு இனி அரசுப் பணம் கிடையாது என்று விதி வரப்போகிறதாம். அதற்குக் கை தூக்கும் குழுவில் நீங்களும் இருக்கிறீர்களாம். தயவுசெய்து தூக்காதீர்கள். விதி வந்தால் உங்கள் அக்கா கண்டுபிடித்துவரும் மூட்டுவலி மருந்து பாதியில் நின்றுவிடும். தன் இளமையையே அதில் கரைத்தவள். வேலை போய் வீட்டில் உட்கார்ந்தால் என்னைத்தான் ஆராய்வாள்.

கடிதத்துக்குக் கனம் வேண்டும், நேரில் வந்து பாருங்கள் என்று அவள்தான் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கேதான் வந்தது வினை. ஒரு கூண்டில் ஐந்து எலிகள், ஊசி போட்டுக் கால் மூட்டுகளை வீங்க வைத்திருக்கிறார்கள். ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது, பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு, நின்று நின்று. நான் மாடிப்படி இறங்குகிற அதே லட்சணம். "இதுக்கு வலி மாத்திரை குடுக்கக் கூடாதா?" என்றேன். "குடுத்தா ஆராய்ச்சியே கெட்டுடும். பேசாம வாங்க" என்றாள். நான் யார்? ஆயுசு முழுக்க நின்றுகொண்டே பல் பிடுங்கியவன். வலியில் ஒரு வாயைப் பார்த்தால் என் கை தானாக மாத்திரைக்குப் போகும். அவள் போன் பேசத் திரும்பிய நேரம், என் முழங்கால் மாத்திரையில் ஒரு துணுக்கைப் பொடித்து, பிஸ்கட்டோடு பிசைந்து உள்ளே தள்ளிவிட்டேன்.

அன்று மத்தியானமே ஐந்தும் ஓடியாடினவாம். அவள் புது மருந்து பலித்துவிட்டதென்று அங்கே ஒரே அமர்க்களம், கேக் வெட்டி எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து பார்த்து ரொம்ப நாளாயிற்று. கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு உண்மையைக் கக்கிவிட்டேன். "நீங்க ஒரு டாக்டரா?" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சே இல்லை. சோதனைக்கு உதவாத எலிகளைக் கொன்றுவிடுவது அங்கே வழக்கமாம். நானே போய்க் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்துவிட்டேன். வீக்கம் வடிந்து, என் பழைய சட்டையில் படுத்துக்கொண்டு, முன்னறைக் கூண்டில் ஜம்மென்று இருக்கின்றன. எனக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

ஆகவே நான் கெடுத்ததை நீங்களாவது காப்பாற்றுங்கள். குழந்தைகளுக்கு என் ஆசி. இனிப்பு தின்றதும் வாய் கொப்பளிக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். உறையை ஒட்டிப் போடச் சொல்லி மேஜைமேல வச்சிருந்தார், படிச்சுட்டேன். இத்தனை வருஷமா எலியை நான் நம்பராத்தான் பார்த்தேன். இப்போ காலையில என்னைக் கண்டதும் அஞ்சும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்குது. இன்னிக்குப் புதுக் கூண்டுக்கு ஊசி எடுத்துட்டுப் போனேன். கையே எழும்பலடா. அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன். மருந்தை வேற வழியில தேடிக்கிறேன், நீ தாராளமா கையைத் தூக்கு. அத்தான்கிட்ட மட்டும் இப்போதைக்குச் சொல்லிடாதே. நான் கோபமா இருக்கிற வரைக்கும் பாத்திரமெல்லாம் அவர்தான் தேய்க்கிறார்.