முத்திரை வாங்கிய பூட்டு

“வெளியில பூட்டுய்யா அரசப்பன்! சீக்கிரம்!”

அரசப்பன் வீட்டு அரிசி அறைக்குள்ளிருந்து தர ஆய்வாளர் முத்துராமன் கத்தினார். அரசப்பனின் பட்டறைப் பூட்டுகளுக்குச் சர்க்கார் தர முத்திரை கொடுக்க வேண்டியவர் அவர்தான். அதற்காக அங்கே ஒளித்து வைத்திருந்த நெய் டின்னையும் கண்டாங்கிச் சேலைகளையும் பார்வையிட உள்ளே போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஜீப் சத்தம். மேலதிகாரியாக இருந்தால்?

கதவில் தொங்கிய பூட்டை அரசப்பன் அவசரமாக அமுக்கினார்.

வந்தது குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார வண்டி. பாட்டுப் பாடிக்கொண்டே சாக்கோட்டைப் பக்கம் போய்விட்டது.

அரசப்பன் பெருமூச்சு விட்டுத் தன் சாவியைப் போட்டார். திரும்பவில்லை. எண்ணெய் விட்டார். ம்ஹும். பல்லைக் கடித்துத் திருகியதில் சாவிதான் வளைந்தது.

“சோணை! சம்மட்டியை எடுத்துட்டு ஓடியா!”

பட்டறை ஆள் சோணை ஓங்கிப் போட்டான். சம்மட்டிக் காம்பு முறிந்தது. ரம்பம் வைத்து அறுத்தான். ரம்பத்தின் பல் போயிற்று.

“மொதலாளி, நாம செஞ்ச பூட்டா இது?” என்றான் சோணை, வாயைப் பிளந்து.

அரசப்பனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. உள்ளே புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்த ஆய்வாளர் முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் வியந்தே போனார்.

“யோவ்! என் சர்வீஸ்ல இப்படி ஒரு பூட்டைப் பார்த்ததில்லைய்யா! நெய்யும் வேணாம், சேலையும் வேணாம். நியாயமாவே தர்றேன், பிடி!”

கையெழுத்தும் முத்திரையும் விழுந்த சான்றிதழ் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தது. கூட்டம் கை தட்டியது. ஒரு துளி லஞ்சமில்லாமல் வாங்கிய தாளை அரசப்பன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது.

கோயிலுக்குப் போயிருந்த அவர் மனைவி வள்ளிக்கண்ணு அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். ஒரே திருகு. பூட்டு திறந்துகொண்டது. தொப்பலாக நனைந்த ஆய்வாளர் வெளியே வந்து விழுந்தார்.

“ஏய், ஒன் சாவிக்கு மட்டும் எப்படித் தொறந்துச்சு?” என்றார் அரசப்பன்.

“நல்லாக் கேட்டீக போங்க! நம்ம பட்டறைப் பூட்டு இழுத்தாலே கையோட வந்துருதுன்னு, போன வாரந்தான் திண்டுக்கல் பூட்டு வாங்கி மாட்டுனேன்!”