வண்டிக்கு ஒட்டுகிற பூ

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். கூடப் பிறந்தவள் குடியைக் கெடுத்துவிட்டுக் காலை நீட்டித் தூங்குகிறவனுக்கு என்ன குறைச்சல்?

பேரனுக்கு முதல் பிறந்தநாள் என்பது உனக்குத் தெரியும். என் மகள் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள், பகலில் பிள்ளையை என்னிடம் விடுவதா, அவள் மாமியாரிடம் விடுவதா என்று இன்னும் வாய் திறக்கவில்லை என்பதும் தெரியும். சம்பந்தியம்மா கேக் செய்துகொண்டு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். நானும் செய்கிறேன் என்று கிளம்பினேன். பூ வெட்டிய அச்சுத் தாள் ஒன்று கொடுடா, கேக் மேல் வைத்து ஐசிங்கைத் தடவிக்கொள்கிறேன் என்று உன்னைக் கேட்டேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் நீ. கேக்குக்கும் அதே பசைத் தாளில் பூ வெட்டி அனுப்பியிருக்கிறாய். ஃபோனில் கேட்டால், "ஒட்டினாதான்கா ஓரத்துல கசியாது. ஒட்டு, பூசு, உரி, அவ்வளவுதான்" என்றாய். ஒட்டினேன். நீ சொன்ன மாதிரியே நீவி நீவி ஒட்டினேன். நீல ஐசிங்கைப் பூசினேன். உரித்தேன். அடியிலிருந்த வெள்ளை ஐசிங் மொத்தமும் கோழித் தோல் மாதிரி தாளோடு வந்துவிட்டது. கேக் மொட்டைத் தலையாக நிற்கிறது. உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, பம்பர்ல ஒட்டியிருந்தா நல்லா நின்னிருக்கும் என்கிறார். அவரோடு நான் இன்னும் பேசவில்லை. வாசலில் காலிங்பெல் அடிக்கிறது. மிச்சமிருந்த ஐசிங்கைக் கரண்டியால் அள்ளி அப்பி வைத்தேன்.

சம்பந்தியம்மா பெட்டியைத் திறந்தார். ஐயோ, ஓரமெல்லாம் சரிகை வேலை, நடுவில் இரண்டு மான், ஒரு கோடு பிசகவில்லை. எல்லாரும் ஃபோனை நீட்டிப் படம் எடுத்தார்கள். என் கேக்கைப் பார்த்து, மேகமா என்று மாப்பிள்ளை மரியாதையாகக் கேட்டார். பேரன் மானைத் தொடப் போகும்போதெல்லாம் அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டார், டிசைன் கலைந்துவிடுமாம். அவன் திரும்பி என் கேக்கில் இரண்டு கையையும் விட்டு அளைந்து, தலையெல்லாம் பூசிக்கொண்டான். ஒருவரும் தடுக்கவில்லை, அதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? நான் சமையலறைக்குள் போய் அழுதேன். பிள்ளை எனக்கில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. எல்லாம் உன்னால். இனிமேல் என் வீட்டு வாசலை மிதிக்காதே. ஃபோனும் செய்யாதே.

உன் மனைவியும் பிள்ளைகளும் நூறு வயது நன்றாக இருக்கட்டும். உனக்கு ஆசீர்வாதம் கிடையாது.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் வந்தாள். பால் புட்டியை மறந்துவிட்டுப் போனாளாம். புட்டியை எடுத்துக்கொண்டும் போகாமல் நின்றாள். "அங்க அவன் எதைத் தொட்டாலும் கையைப் பிடிக்கிறாங்கம்மா. திங்கட்கிழமையிலிருந்து உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்" என்றாள். நீ திங்கட்கிழமை கடையை அடைத்துவிட்டுக் காலையிலேயே வந்துவிடு. அவன் பின்னால் ஓட எனக்கு முழங்கால் இல்லை.