கொலின் சேர் தட்டைக் காலி செய்த கதை

எங்கள் ஊர் வழக்கப்படி, விருந்துக்குப் போன இடத்தில் சொல்லும் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. இரண்டாவதும் மரியாதைக்குச் சொல்வதுதான். மூன்றாவதைச் சொல்லும்போது, பரிமாற வசதியாக, தட்டை மெல்ல முன்னே தள்ளிவிட வேண்டும். இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாமல் ஆங்கிலேயர் பாதி உலகத்தை எப்படி ஆண்டார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

யாழ்ப்பாணத்தில் விவசாயம் படிப்பித்துக்கொண்டிருந்த நான், ஒரு வருட ஆய்வுக்காக மனைவி, மகளோடு கனடாவின் மொன்றியலுக்கு வந்தேன். வேலை சென்ட்-ஆன்-த-பெல்வ்யூவில் இருந்த விவசாயக் கல்லூரியில். மேலதிகாரி கொலின் இங்கிலாந்துக்காரர். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், என் நாக்கு வளையவில்லை. கடைசியில் 'கொலின் சேர்' என்று சமரசம் செய்துகொண்டேன்.

வந்த புதிதில் ஒருநாள் என்னை வீட்டுக்கு அழைத்தார். வாட்டிய ஆட்டுத்தொடை. காலையிலிருந்தே நான் ஒன்றும் சாப்பிடவில்லை (விருந்துக்குப் போகிறவன் வேறென்ன செய்வான்?). இரண்டு மெல்லிய துண்டு வைத்தார். அவை போன இடம் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம்?" என்றார். "வேண்டாம் சேர்" என்று தலையைக் குனிந்து மிக அழகாகச் சொன்னேன். "சரி" என்று ஆட்டுத்தொடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது வெறுங்கையோடு வந்தார்.

"சரியான கஞ்சன்" என்று அன்று வீட்டில் பாண் ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி சொன்னேன்.

"ஒருக்கா இஞ்ச வரச்சொல்லுங்கோ" என்றாள் என் மனைவி வதனி. "சாப்பாடு போடுறதெண்டா என்னெண்டு காட்டுறன்."

வருடம் முடியப் போகிற நேரம் அந்தச் சந்தர்ப்பம் வந்தது. என்னை இன்னொரு வருடம் வைத்திருப்பதா, ஊருக்கு அனுப்புவதா என்பது கொலின் கையில். மகள் துர்க்கா பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் பிரெஞ்சில் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தாள். திரும்பிப் போக எங்கள் மூவருக்கும் மனமில்லை. ஆகவே ஒரு ஞாயிறு மதியம் அவரையும் மனைவியையும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்தோம்.

இடியப்பம், சொதி, சம்பல், ஆட்டிறைச்சிக் கறி. கொலின் ஒரு சொதித்துளிகூட மிச்சம் விடவில்லை. எங்கள் நாட்டில் காலித் தட்டுக்கு ஒரே பொருள்தான். வதனி நிரப்பினாள். அவர் மறுபடியும் முடித்தார். அவள் மறுபடியும் நிரப்பினாள்.

"மிக அருமை. எனக்குப் போதுமென்று நினைக்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில். அவருடைய உச்சரிப்பு வதனிக்குப் பிடிபடாது.

"என்னவாம்?"

"போதுமெண்டு நினைக்கிறாராம்."

"நினைக்கிறாரோ? அப்ப அவருக்கே வடிவாத் தெரியேல்ல" என்று இன்னும் மூன்று இடியப்பம் வைத்தாள்.

கொலின் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் அருகருகே படுக்க வைத்தார். ஆங்கிலேயரிடம் அதற்குச் 'சாப்பிட்டு முடித்தாயிற்று' என்று பொருளாம். நானோ, பரிமாற இடம் விடுகிறார் என்று நினைத்து என் கையாலேயே இறைச்சி போட்டேன். அவர் முகம் சிவந்து, பிறகு கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. வட்டிலப்பத்தையும் முடித்துவிட்டு, "நான் சற்று நேரம் தரையில் படுத்தால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கழுத்துப்பட்டியோடு கம்பளத்தில் நீட்டிப் படுத்தார். துர்க்கா ஓடிப்போய்த் தன் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள்.

"தட்டில் எதையும் மிச்சம் விடக்கூடாதென்று வளர்த்துவிட்டார்கள், பாவம்" என்றார் அவர் மனைவி. "அவர் போதும் என்றதும் நிறுத்துவீர்கள் என்றுதான் நானும் இருந்தேன்." அந்தப் புத்திசாலியின் தட்டில் ஒரு இடியப்பம் ஆரம்பத்திலிருந்தே தொடாமல் கிடந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று அவர் என்னைப் பட்டினி போடவில்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறார். அவரைப் போய்க் கஞ்சன் என்றோமே என்று வெட்கமாக இருந்தது.

"ஆளைச் சாக்காட்டிப்போட்டமோ?" என்று வதனி காதோடு கேட்டாள். எனக்கும் அதே பயம்தான். கூடவே, மூன்று பேருக்கு விமானச் சீட்டு எடுக்க வேண்டுமே என்ற பயமும்.

திங்கட்கிழமை கொலின் வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை அறைக்கு அழைத்தார். மெலிந்திருந்தார், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

"ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு சற்று வயிற்றை நிரப்புவதாக இருந்தது" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "நீ இன்னொரு வருடம் இருக்கலாம். அது போன வாரமே முடிவான விஷயம். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான் என்ன சொல்லியிருந்தால் உன் மனைவி நிறுத்தியிருப்பார்?"

நேர்மையாக யோசித்துப் பார்த்தேன்.

"ஒன்றுமே இல்லை சேர்."

அந்த ஒரு வருடம் நீண்டு நீண்டு, இப்போது நாங்கள் இந்த ஊர்க்காரர்களாகிவிட்டோம். கொலின் வீட்டுக்குப் போனால் முதல் கேள்விக்கே "ஓம்" என்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும், யாராவது சாப்பாட்டு மேசையில் போதும் என்றால் துர்க்கா அகப்பையை அந்தரத்தில் பிடித்தபடி, அது யாருடைய 'போதும்' என்று கேட்பாள்:

"அப்பான்ர போதுமோ, கொலின்ர போதுமோ?"

"அப்பான்ர" என்பேன், தட்டை மெல்ல முன்னே தள்ளிக்கொண்டு.