சத்தமில்லாத கொத்து

டூட்டிங் முழுவதிலும், நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இவ்வளவு நேரத்தைச் செலவழித்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கும் கவுன்சிலுக்கும் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ஜேர்மன் அண்ணை.

ஜேர்மனியில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்து, அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு கொத்துரொட்டிக் கடை போட்டார். கடைக்கு மேலே இருந்த அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். கொத்துப் போடுகிறவன் தேவன். அண்ணையும் அவனும் ஜேர்மனி அகதி முகாமில் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். கடை எடுத்தவுடன் அண்ணை முதலில் கூப்பிட்டது அவனைத்தான். சூடான இரும்புத் தட்டில் ரொட்டியைப் போட்டு, இரண்டு கையிலும் தகடு பிடித்துத் தேவன் கொத்தத் தொடங்கினால் சத்தம் பஸ் தரிப்பிடம் வரை கேட்கும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்குள் வருவார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் எல்லாருக்கும் தொழில் படுத்துவிட்டது. ஊரிலிருந்து வந்த செய்திகளும் நல்லதாக இல்லை. ஆட்கள் வெளியே வந்து சாப்பிடுகிற மனநிலையில் இல்லை. எங்கள் ரோட்டில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. மற்ற முதலாளிமார் விலையைக் குறைத்தார்கள், ஆளைக் குறைத்தார்கள், கோயிலுக்கு நேர்ந்தார்கள். ஜேர்மன் அண்ணை மஞ்சள் டேப் வாங்கினார்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம் உண்டாம், தேடுகிற நேரம் வீண் நேரமாம். உப்பு டின்னைச் சுற்றி மஞ்சள் கட்டம் வந்தது. கரண்டிக்கு ஒரு கட்டம், முட்டைத் தட்டுக்கு ஒரு கட்டம். தேவன் நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் டேப்பால் இரண்டு பாதங்கள். சாமிப் படத்தைச் சுற்றியும் டேப் ஒட்டியபோது மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளையார் எங்கையப்பா எழும்பிப் போகப்போறார்?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்," என்றார் அண்ணை.

அடுத்ததாகப் பேச்சில் கை வைத்தார். எங்கள் ஆட்கள் ஊர் விசாரிக்காமல் ஒரு வடைகூட வாங்க மாட்டார்கள். ஊரில் எவடம், யாருடைய மகன், எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் என்ன வேண்டும் என்ற கதைக்கே வருவார்கள். அண்ணை இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதிலை ஒரு பலகையில் அழகாக எழுதிக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். முதல் நாளே கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். கண்ணாடியைப் போட்டுப் பலகையை மேலிருந்து கீழ்வரை ஆறுதலாக வாசித்தார்.

"தம்பி, உந்தப் பள்ளிக்கூடத்திலைதான் என்ரை மருமோனும் படிச்சவர். அங்கை கணக்குக்கு ஒரு வாத்தியார், நொண்டி நொண்டி வருவாரே, அவரைத் தெரியுமே உமக்கு?"

அண்ணைக்குத் தெரிந்திருந்தது. வாத்தியாரின் தங்கையையும் தெரிந்திருந்தது. வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் பலகையைக் காணவில்லை.

இதையெல்லாம் நாங்கள் மேலே அறையிலும் கீழே கடையிலும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். கொத்தில் கை வைத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

ஒரு நாள் பின்னேரம் அண்ணை தேவனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்.

"தேவன், நீ அடிக்கிற அடியிலை பாதி சும்மா தட்டிலைதானே விழுது. ரொட்டியிலை விழேல்லை."

"அது தாளம் அண்ணை."

"தாளத்தை ஆர் சாப்பிடுறது?"

அடுத்த வாரம் ரொட்டி வெட்டுவதற்கு ஒரு மெஷின் வந்தது. காலையிலேயே அத்தனை ரொட்டியும் ஒரே அளவில் வெட்டுப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடும். ஓடர் வந்தால் தேவன் மஞ்சள் பாதத்தில் நின்றபடி கொட்டிப் பிரட்டிக் கொடுக்க வேண்டியதுதான். சொல்லி வாய் மூடுவதற்குள் பார்சல் கைக்கு வந்துவிடும். உண்மையாகவே கெட்டித்தனமான ஏற்பாடு. ருசியிலும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

ஆனால் வாங்க வந்தவர்கள் பார்சலைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். "இது எப்ப போட்டது?" என்று கேட்டார்கள். "நேற்றையானோ?" என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களுக்குக் கொத்து காதால் கேட்டால்தான் புதிது. கேட்காத கொத்தை மிச்சக் கொத்து என்று முடிவுகட்டிவிட்டார்கள். பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்களோ, கடை பூட்டிவிட்டது என்று நினைத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

தேவன் ஒரு மாதம்போலப் பொறுத்தான். பிறகு ஏப்ரனைக் கழற்றி மடித்து, அதற்குரிய கட்டத்துக்குள் சரியாக வைத்தான்.

"அண்ணை, எனக்கு இஞ்சை கொத்தாமல் கை நிக்குதில்லை. அங்காலைக் கடையிலை என்னை வேலைக்குக் கேக்கினம். போகட்டே?"

"உனக்கு நல்லதெண்டால் போ," என்றார் அண்ணை. இரண்டு பேரும் அவ்வளவுதான் கதைத்தார்கள். நான் தேத்தண்ணீரும் கையுமாக அங்கேதான் நின்றேன். மடையர்கள் என்று வாய்விட்டுச் சொல்லலாம் போல இருந்தது.

தேவன் போன பிறகு மெஷினை ஒதுக்கிவிட்டு அண்ணையே தகடுகளைக் கையில் எடுத்தார். ஆட்களைக் கூப்பிடுவதற்காக, ஒரு துண்டு ரொட்டியும் இல்லாத வெறும் தட்டில் பின்னேரம் முழுக்க அடித்தார். தட்டினால் கொத்தாகிவிடுமா? ஒவ்வொரு அடியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஆட்கள் வரவில்லை. ரோட்டில் ஏதோ திருத்த வேலை நடக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோவன்," என்றார் மனைவி. "நீங்கள் கூப்பிட்டால் அவன் மாட்டனெண்டு சொல்லான்."

அண்ணை துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழி முழுக்க என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "பிழை என்னிலைதான், வாடாப்பா." இவ்வளவுதான், சின்ன வசனம். அந்தக் கடையில் ஒரே கூட்டம். தேவன் வேர்த்து விறுவிறுத்துக் கொத்திக்கொண்டிருந்தான். எங்கள் முறை வந்தது. தேவன் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் வரிசை நீளமாக நின்றது.

"ஒரு ஆட்டுக் கொத்து," என்றார் அண்ணை.

தேவன் ஒரு ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டான். பிறகு கேட்டான்.

"உறைப்பு எப்பிடி அண்ணை?"

ஒரே சட்டியில் சாப்பிட்டவன் கேட்கிற கேள்வியா இது? அண்ணையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"எல்லாருக்கும் போடுறமாதிரிப் போடு," என்றார்.

பார்சலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். சொல்லாமல் வந்துவிட்டீர்களே என்று கேட்டேன். "சனம் நிக்குது. அவன்ரை வேலை மினக்கெடும்," என்றார். அந்த மாரிக் குளிரில் அண்ணையின் கடை மூடப்பட்டது. ஊருக்கெல்லாம் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த மனிதர், செலவழித்திருக்க வேண்டிய அந்த ஒரு நிமிடத்தையும் மிச்சம் பிடித்துவிட்டார். நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

அவர் இப்போது கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் இருக்கிறார். பார்சல் கம்பனி ஒன்றில் சூப்பர்வைசர்; அங்கே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களாம். போன கிழமை போன் எடுத்தார். சுகம் விசாரிக்காமல் நேரே விசயத்துக்கு வந்தார்.

"தேவன் சொந்தமாக் கடை திறக்கிறானாம். எனக்குச் சொல்லேல்லை. போகலாமோ?"

"போகலாம் அண்ணை. நானும் வாறன்."

"ஓம்," என்றார். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.