தரைக்குப் போட்ட புகை

ஒரு வேலையை நன்றாகத் தெரிந்தவன், தெரியாத வேலையிலும் அதே மிடுக்கோடு பேசுவான். நான் அப்படித்தான்.

புளத்கொகுபிட்டியப் பக்கம் ரப்பர் தோட்டம். எனக்குப் புகைவீட்டில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கப்போட்டு, கீழே விறகு எரித்துப் புகையில் காயவைப்போம். ஆகவே காயவைப்பது பற்றி இந்தத் தோட்டத்தில் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று நினைப்பு. (யாரும் கேட்டதில்லை.)

நான், அம்மா, தங்கச்சி செல்வி மூவரும் தோட்டத்து வரிசை அறையான லயத்தை விட்டுப் புது வீட்டுக்கு வந்தோம். முன்னறைக்குக் கொங்கிறீட் தரை போட்ட கையோடு, செல்வியைப் பெண் பார்க்க வரக்காப்பொலையிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. கடைக்காரக் குடும்பம். இதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள் லயத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். இதுவும் போனால் அம்மா படுத்துவிடுவார். செல்வி மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வெறும் சிமெந்து தெரியக்கூடாது என்று, பலகை மாதிரிப் படம் போட்ட பிளாஸ்டிக் கார்ப்பெட் வாங்கி வந்தேன்.

தரை போட்ட சிங்களக் கொத்தனார், மேசன் பாஸ், வேண்டாம் என்றார். “மல்லி, ஹொந்தட்ட வேலென்ன ஓன.” தம்பி, நன்றாகக் காயணுமாம். மேலே வெளுத்தாலும் உள்ளே ஈரம் நிற்குமாம். பொலித்தீன் துண்டை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டு, காலையில் தூக்கிப் பார், அடியில் வேர்த்திருந்தால் கார்ப்பெட் போடாதே என்றார். மழையும் விடவில்லை. எனக்கா காயவைக்கத் தெரியாது?

கதவு ஜன்னலைச் சாத்தினேன். பழைய வாளியில் ரப்பர் விறகை எரித்து முன்னறைக்குப் புகை போட்டேன். அம்மா இருமினார். புதுச் சுவர் தேன் நிறத்துக்கு வந்தது. முதல் தர ஷீட்டின் நிறம். தரை வெளுத்தது. தட்டிப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். (சிமெந்தை யார் முகர்வார்கள்?) கார்ப்பெட்டை ஒட்டிவிட்டேன்.

அவர்கள் வரும் நாள் காலையில் அது எண்ணெயில் போட்ட பூரி மாதிரி அங்கங்கே உப்பியிருந்தது. பெரிய உப்பலை மறைக்க ஒரு நாற்காலி போட்டேன். அதில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்தார்.

உப்பல் நகர்ந்தது. மாப்பிள்ளையின் மாமா காலடியில் போய்ச் சத்தமாகக் காற்று விட்டது. எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். “நான் இல்ல” என்றார். யாரும் நம்பவில்லை. அடுத்து அதே இடத்தில் தண்ணீர் கசிந்தது. மாமா எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா சேலையைத் தூக்கிக் காலைப் பார்த்தார்.

“தம்பி, இதுக்குக் கீழ என்ன இருக்கு?”

“சிமெந்துங்க.”

“கிணறு இல்லையே?”

அவர் சுவரைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். “மேல பளபளன்னு போட்டு மூடிட்டீங்க. இன்னும் என்னென்ன மூடி வச்சிருக்கீங்க?”

அம்மா முகம் செத்துப்போனது. இந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன்.

செல்வி தேத்தண்ணித் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். “தரை காயலங்க. பாஸ் சொன்னாரு, அண்ணன் கேக்கல. வேற ஒண்ணும் மூடல, நீங்களே பாருங்க.”

எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லி, மூலையைப் பிடித்து இழுத்தாள். அடியில் பசை கஞ்சியாகக் கிடந்தது. மாப்பிள்ளை கால்சட்டையை மடித்துவிட்டு மறு மூலையைப் பிடித்தார்.

“மெதுவா, என் பக்கம் கிழியுது” என்றார்.

“அப்ப நீங்க வேகமா வாங்க.”

அதுதான் அவர்கள் பேசிய முதல் பேச்சு. கார்ப்பெட்டைக் கொடிக்கம்பியில் போடப் போனவர்கள் திரும்பி வர நேரமானது.

“இப்பதான் வீடு தெரியுது” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நின்றபடியே தேத்தண்ணி குடித்தார்கள். நின்றபடியே சம்மதமும் சொன்னார்கள். தரை காய்ந்த பிறகுதான் நாள் வைப்பது என்று ஒரு நிபந்தனை.

காலையில் பொலித்தீனைத் தூக்கிப் பார்ப்பதே என் வேலையாயிற்று. மாப்பிள்ளை போன் எடுத்துத் தரை காய்ந்ததா என்று கேட்டபடியே இருந்தார். ஒருவழியாகக் காய்ந்தது. கல்யாணமும் நடந்தது.

இப்போது எனக்குப் பெண் பார்க்கிறார்கள். செல்வியின் மாமியார்தான் முன்னால் நிற்கிறார். போகிற வீட்டில் எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறார்: “நல்ல பொடியன். குடிக்க மாட்டான். வீட்டுக்குத் தரை போட்டா மட்டும் இவன ஒரு மாசம் வெளிய அனுப்பிருங்க.”

குருவிட்டயில் ஒரு வீட்டில் அதைக் கேட்டுச் சிரித்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.